தகரக் கூரை அழகாக இருந்ததாம்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஹுவா ஹின் பற்றி நாலே நாலு வரி எழுதினேன். 2012-இல் முதல் தடவை போன தாய்லாந்துக் கடற்கரை ஊர், 2024 ஓகஸ்ட்டில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன், ஊர் கெட்டுப்போயிருந்தது, மனசு சரியில்லை என்று. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பரீட்சை, இடமாற்றம், பென்ஷன் பற்றிய கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். 'கெட்டுப்போயிருந்தது' என்ற அந்த ஒரு சொல்லுக்காக எல்ல ஊரிலிருந்து ஒரு சகோதரி என்னை உலுக்கி எடுத்திருக்கிறார். அதற்கும் வருகிறேன்.

கேள்வி: அப்படி என்னதான் மாறிவிட்டது சேர்? நாலு கட்டடம் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதானே?
- ஒரு வாசகி, கொட்டகலை

பதில்: முதலில் ஸ்டேஷன். 2012-இல் பாங்கொக்கில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தோம். அது முடிந்து மூன்று நாள் மிச்சம் இருந்தது, நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் மூன்றாம் வகுப்புக் கோச்சியில் ஏறிவிட்டோம். ஜன்னல் எல்லாம் திறந்தபடி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடையோடு ஏறி இறங்கும் பெண்கள், முகமெல்லாம் புழுதி. இறங்கினால் மரத்தில் கட்டிய சின்ன ஸ்டேஷன், சிவப்பும் பால் வெள்ளையும், பக்கத்தில் அரச குடும்பம் காத்திருப்பதற்கென்று ஒரு மண்டபம், அதன் கூரை நம் கோயில் சப்பரம் மாதிரி அடுக்கடுக்காக. ஆறுதலாக நடந்தே கடலுக்குப் போய்விட்டோம்.

இந்த முறை கோச்சி ஊருக்கு மேலே போகிறது. உண்மையாகவே மேலே, கொங்கிரீட் தூண்களில். 2023 டிசம்பரில் திறந்த புது ஸ்டேஷன், நகரும் படிக்கட்டு, மின்தூக்கி எல்லாம் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஆட்களைக் காணோம், கூரைகள்தான். பழைய மர ஸ்டேஷன் கீழே அப்படியே இருக்கிறது, நன்றாகப் பூச்சும் பூசியிருக்கிறார்கள், ஆனால் அதற்கு ரயில் வருவதில்லை. கல்யாண உடுப்போடு ஒரு ஜோடி அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஏன் தூக்கினார்கள் என்று கேட்டால் நியாயம் இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தை இரட்டை ஆக்கியிருக்கிறார்கள், ஊருக்கு நடுவே கேட் போட்டு வாகனங்களை நிறுத்துகிற தொல்லையும் ஒழிந்தது. நானுஓயாவில் எதிர்க் கோச்சி வரும்வரை முக்கால் மணித்தியாலம் கிராசிங்குக்குக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் முழங்காலுக்கும் அந்த மின்தூக்கி பிடித்திருந்தது. இருந்தும் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அந்த ஊரையே ரயில்தான் பெற்றது. 1911-இல் பாதை வரும்வரை அது ஒரு மீனவக் கிராமம். 1923-இல் ரயில்வேயே ஒரு ஹோட்டல் கட்டியது, அடுத்த வருடம் கோல்ஃப் மைதானம், அதற்குப் பின்னால் அரசர் ஏழாம் ராமரின் கடற்கரை மாளிகை. பெயர் க்ளாய் கங்வோன், கவலைக்கு எட்டாத தூரம் என்று பொருள். பெயர் வைத்த நேரம் சரியில்லை போலிருக்கிறது, 1932 ஜூன் 24-இல் பாங்கொக்கில் புரட்சி நடந்து முழு முடியாட்சி முடிந்தபோது மனிதர் ஹுவா ஹின்னில்தான் இருந்தார். கோல்ஃப், ரயில், பெரிய மனிதர்களின் ஓய்வு: நுவரெலியா எப்படி உண்டானதோ ஏறக்குறைய அதே கதை. வெள்ளைக்காரன் வெக்கைக்குப் பயந்து மலை ஏறினான், சயாம் அரச குடும்பம் கடலுக்குப் போனது.

கேள்வி: நான் ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவன். பாங்கொக்கிலிருந்து அந்தப் பாதையில் பார்க்க என்ன இருக்கிறது?
- ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பண்டாரவளை

பதில்: ஐயா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பழைய ஹுவா லம்போங் ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து தூர ஓட்டங்களை பாங் சூவில் கட்டிய பெரிய புது முனையத்துக்கு மாற்றிவிட்டார்கள். விமான நிலையம் மாதிரி இருக்கிறது, உள்ளே நடந்தே களைத்துப்போவீர்கள்.

பார்க்க என்று மலையோ சுரங்கமோ கிடையாது. தட்டை நிலம், நெல் வயல், தென்னை. நம் ஒற்றைத் தண்டவாளத்தில் கோச்சி ஓட அனுமதியாகக் கொடுக்கிற டேப்லட் வளையத்தை மாற்றுகிற காட்சியை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நக்கோன் பதோம் தாண்டி நோங் பிளாடுக் என்று ஒரு சந்தி வரும், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். 2012-இல் நான் தூங்கிவிட்டேன். இந்த முறை மகளிடம் எழுப்பச் சொல்லி வைத்திருந்தேன்.

சயாம்-பர்மா மரண ரயில் பாதை அங்கேதான் பிரிகிறது. 415 கிலோமீட்டர். 1942-இலும் 43-இலும் ஜப்பானிய ராணுவம் போர்க் கைதிகளையும் ஆசியக் கூலிகளையும் வைத்துப் போட்ட பாதை. கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள், அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லோடு கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. கூலிகளில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையானவர்கள் மலாயா றப்பர் தோட்டத் தமிழர்கள். பெயர் வெட்டிய கல் அவர்களுக்கு இல்லை.

நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். என் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி இங்கே மலைத் தோட்டத்துக்கு நடந்து வந்தவர். அதே பஞ்சத்துக்குத் தப்பிப் புறப்பட்டவர்கள்தான் இரண்டு பக்கமும், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற எந்தக் கங்காணி முதலில் ஊருக்குள் வந்தான் என்பதில்தான் வித்தியாசம். கோச்சி அந்தச் சந்தியில் நிற்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. எதிர் ஆசனத்தில் இருந்த தாய்ப் பையன் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அப்புறம் ராட்சபுரி வரும்வரை எங்கள் மூன்று பேருக்கும் பேச்சு வரவில்லை.

கேள்வி: தாய்லாந்து என்றாலே எங்கள் ஊர்ப் பெடியன்கள் கண்ணடித்துச் சிரிக்கிறார்கள். குடும்பத்தோடு போகலாமா? விசா, செலவு எப்படி?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: அந்தச் சிரிப்பு பட்டாயாவுக்கு உரியது தம்பி. வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் விடுமுறைக்கு வந்து வளர்த்துவிட்ட ஊர் அது, அந்தப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஹுவா ஹின் வளைகுடாவின் எதிர்க் கரையில், பாங்கொக்கிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டர் அளவில். சனி ஞாயிறில் பாங்கொக்கார் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிற ஊர். பார் தெருவும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடிப் போனால்தான். தாராளமாகப் போகலாம்.

விசாவுக்கு நாங்கள் அலையவில்லை. 2024 ஜூலை 15-இலிருந்து 93 நாட்டுக்காரருக்கு 60 நாள் விசா இல்லாமல் விட்டார்கள், இலங்கையும் அதில் இருந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் எடுக்க முன் தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க போகிற நேரத்தைவிட அங்கிருந்து பாங்கொக் போகிற நேரம் குறைவு, இதை என் மனைவி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செலவு பற்றி நான் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது, கணக்கு வாத்தியார் என்ற முறையில் வெட்கத்தோடு திருத்துகிறேன். 'எல்லாம் இரட்டிப்பு விலை' என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து பழைய டயரியைப் பார்த்தால், 2012-இல் ஒரு பாத் நமக்கு நாலு ரூபாய் சொச்சம், 2024-இல் எட்டரைக்கும் மேல். அவர்கள் விலையும் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் இரட்டிப்பு ஆனதில் பெரிய பங்கு நம் ரூபாய் 2022-இல் விழுந்த விழுகைக்கு. பாவம், அந்த ஊரைத் திட்டிவிட்டேன்.

கேள்வி: கடற்கரையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. கடல் மாறாதுதானே?
- ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: மாறியிருக்கிறது, எனக்கு உண்மையில் வலித்தது அதுதான். ஹுவா என்றால் தலை, ஹின் என்றால் கல். கரையில் அங்கங்கே கரும்பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் வந்த பெயர். 2012-இல் அந்தப் பாறைகளைத் தாண்டி ஒரு விடியற்காலை வடக்குப் பக்கமாக நடந்த ஞாபகத்தில், மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். கொஞ்சத் தூரத்திலேயே மணல் முடிந்துவிட்டது. அலை நேரே ஹோட்டல் சுவரில் வந்து அடிக்கிறது. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஒரு படிக்கட்டில் நின்றோம், மேலே நீச்சல் தடாகத்தில் கிடந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போனால் நடக்கலாமாம், பிறகுதான் சொன்னார்கள்.

தாய்லாந்துச் சட்டப்படி கடற்கரை பொதுச் சொத்து, எந்த ஹோட்டலும் 'என் கரை' என்று சொல்ல முடியாது. சரி, ஆனால் கரையே இல்லாவிட்டால்? சுவரில் மோதித் திரும்புகிற அலை காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும், சுவர் முடிகிற இடத்தில் பக்கத்துக் காணியைத் தின்னும், பிறகு பக்கத்துக்காரரும் சுவர் கட்டுவார். நம் பக்கம் ஒருவர் மண்மேட்டை வெட்டிச் சுவர் எழுப்பினால் மழைக்கு அடுத்த வீட்டுக்காரரின் மேடு சரிகிறதே, அந்த மாதிரி.

அடுக்குமாடிகளையும் கேட்பீர்கள். வெளிநாட்டுக்காரர் அங்கே காணி வாங்க முடியாது. ஆனால் அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 வீதம்வரை. குளிருக்குப் பயந்து வருகிற ஐரோப்பிய ஓய்வூதியக்காரருக்கும், வார இறுதிக்கு வருகிற பாங்கொக்காருக்கும் சேர்த்து மாடி மாடியாக எழுப்பியிருக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் அறைக்கு எதிர்க் கட்டடத்தில் விளக்கு எரிகிற ஜன்னல்களை எண்ணினேன் (பழக்க தோஷம்). பதினொன்று.

2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பல கடற்கரைகளில் நாற்காலி, குடை போட்டுப் பிழைத்தவர்களை ஒதுக்கியும் ஒழுங்குபடுத்தியும் விட்டார்கள். நான் முன்பு பார்த்த அளவுக்கு நாற்காலிகள் இப்போது இல்லை. குதிரைச் சவாரி மட்டும் அப்படியே இருக்கிறது. கிரகரி வாவிக் கரையில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே சலித்த முகம், பாவம் அந்தக் குதிரைகளுக்கு.

கேள்வி: மீன் வாடை ஆகாத எனக்குச் சாப்பாடு கிடைக்குமா?
- ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: கிடைக்கும் அக்கா, ஆனால் 'மரக்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது, மரக்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். 'ஜே' என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள், மீன் இறைச்சி கிடையாது, வெங்காயம் உள்ளிகூடக் கிடையாது. ரொட்டி என்று தெருவில் விற்பார்கள், நம்பிப் போய்விடாதீர்கள், உள்ளே வாழைப்பழம் வைத்து டின்பால் ஊற்றித் தருவார்கள். மகள் மூன்று சாப்பிட்டாள். நான் நம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற கட்டசம்பலை நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: அங்கே கஞ்சா கடையில் விற்கிறார்களாமே, உண்மையா?
- ஒரு தகப்பன், வட்டவளை

பதில்: நாங்கள் போன 2024-இல் உண்மைதான், 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், நாங்கள் போனபோது தெருவுக்குத் தெரு பச்சை இலைப் பலகை. நான் அதை மூலிகைக் கடை என்று நினைத்து முழங்கால் வலிக்குத் தைலம் கேட்கப் போனேன், மனைவி கையைப் பிடித்து இழுத்தார். மகனை அனுப்பலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. மகனிடம் பேசிவிட்டு அனுப்புங்கள், ஒரு துண்டு இலைகூடப் பையில் வரக்கூடாது என்பதையும் சொல்லுங்கள், கட்டுநாயக்கவில் நம் சட்டம்தான்.

கேள்வி: நாங்கள் எல்லயில் இரண்டு அறை வைத்து உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கிறோம். 2009-இல் வந்த ஒரு வெள்ளைக்காரர் போன வருடம் திரும்பி வந்தார். எங்கள் புது வீட்டைப் பார்த்துவிட்டு, "முன்பு தகரக் கூரை, எவ்வளவு அழகாக இருந்தது, எல்லாம் கெட்டுவிட்டது" என்றார். அந்தத் தகரம் ஒழுகிய ஒழுக்குக்கு வைத்த சட்டிகளை எடுத்து ஊற்றியது நான். இப்போது நீங்கள் இன்னொருவர் ஊருக்குப் போய் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்களே, இது சரியா?
- ஒரு வாசகி, எல்ல

பதில்: இந்தக் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். மனைவி "நல்லா வேணும்" என்றார்.

சகோதரி, உங்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், போன மாதம் இதை எழுதாமல் விட்டதற்குக் காரணமும் வெட்கம்தான். 2012-இல் இரவுச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு பெண் தள்ளுவண்டியில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் விற்றார், மேலே தேங்காய்ப் பால் ஊற்றி. மூன்று இரவும் அவரிடம்தான் வாங்கினோம். மூன்றாம் நாள் எங்களைக் கண்டதும் கேட்காமலே மூன்று தட்டு போட்டார். ஹுவா ஹின் என்று யாராவது சொன்னால் எனக்கு மாளிகையும் ஞாபகம் வராது கடலும் வராது, அந்த வண்டியில் தொங்கிய ஒற்றை விளக்குத்தான் வரும்.

இந்த முறை அந்த இடத்தில் ஒரு கோப்பிக் கடை, கண்ணாடிக் கதவு. பக்கத்தில் விசாரித்து விசாரித்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கூரை போட்ட ஒரு சந்தையில் அவரைக் கண்டுபிடித்தோம். தலை நரைத்திருந்தது. அவருக்கு என்னை ஞாபகம் இல்லை, ஏன் இருக்க வேண்டும், வருடத்துக்கு எத்தனை பேர். மகளின் போனில் மொழிபெயர்த்துத்தான் பேசினோம். நான் பெரிய மனிதத் தோரணையில், முன்பு இருந்த இடம்தான் அழகு, இப்போது ஊரே கெட்டுவிட்டது என்று சொல்லச் சொன்னேன். போன் அதைத் தாய் மொழியில் சொன்னது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார், பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு போனில் சொன்னார்: அங்கே மழை வந்தால் சோறு நனையும், வீட்டுக்குப் போய்விடுவேன், அன்றைக்குக் காசு இல்லை.

ஆகவே நீங்கள் சொன்னது சரி. உங்கள் தகரமும் அவருடைய தள்ளுவண்டியும் என் போன்றவர்களின் படப் பெட்டிக்காகப் போட்டவை கிடையாது. ஹட்டனிலிருந்து பதுளைவரை நம் லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, படம் எடுத்து 'எவ்வளவு இயற்கை' என்று போடுகிறவர்களைப் பார்த்து நானே எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். விமானத்தில் ஏறி மூன்றரை மணித்தியாலத்தில் நானும் அந்த ஆள் ஆகிவிட்டேன்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் உங்களோடு சண்டை பிடிக்கிறேன். கூரை வந்ததைப் பற்றி அவர் சந்தோஷமாகச் சொன்னார், வாடகையைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி தள்ளிய காலத்தில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தாராம், இப்போது ஊருக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். மகன் ஒரு ஹோட்டலில் வேலை. அந்தச் சுவருக்கு உள்ளே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போக ஊர் தாண்ட வேண்டியிருக்கிறது. நான் 'கெட்டுவிட்டது' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான், ஸ்டேஷனைச் சொன்னேன். உங்கள் இரண்டு அறை உங்கள் பெயரில் இருக்கிற காணியில் இருக்கிறது என்று நினைக்கிறேன், இருக்கட்டும், நல்லது. உங்கள் ஊரில் பெரிய ஹோட்டலுக்குத் துணி துவைக்கிற பிள்ளை எங்கே குடியிருக்கிறாள் என்பதையும் ஒரு தடவை விசாரித்து எனக்கு எழுதுங்கள். தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணித் துண்டுக்கு உறுதிப்பத்திரம் கேட்டு நடக்கிற நமக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

அந்த வெள்ளைக்காரர் மறுபடி வந்தால், தகரத்தைக் கழற்றி எங்கேயாவது வைத்திருந்தால், பார்சல் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே இலங்கை என்றால் தெரிகிறதா?
- பல்கலைக்கழக மாணவி, கண்டி

பதில்: 'லங்கா' என்றதும் பெரியவர்கள் கைகூப்புகிறார்கள். உங்கள் ஊர்தான் காரணம். 1753-இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் சயாமின் அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் கண்டிக்கு வந்து, இங்கே அற்றுப்போயிருந்த பிக்கு உபசம்பதாவை (முழுத் துறவேற்புச் சடங்கை) மறுபடி தொடக்கிவைத்தார், மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் சேர்ந்த நிக்காயவுக்கு, அதாவது பிக்குகளின் சங்கப் பிரிவுக்கு, சியாம் என்று பெயர் வந்தது அப்படித்தான். கூப்பிட்ட அரசன் தெற்கிந்திய நாயக்கர் வம்சம் என்பதை எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு வயதான பிக்குவிடம் சொன்னேன், மகளின் போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

கேள்வி: மூன்றாம் தடவை போவீர்களா? போனால் எங்களையும் கூட்டிப் போங்கள் சேர்.
- எட்டு வாசகர்கள் சேர்ந்து கையெழுத்திட்டது, பதுளை

பதில்: போவேன். அவரவர் டிக்கெட் அவரவர் எடுப்பதென்றால் எட்டுப் பேரும் வாருங்கள். மாம்பழச் சோறு என் கணக்கில், ஆளுக்கு ஒரு தட்டு.